இருபத்தேழாம் எண்ணுக்கு ஓர் அர்ச்சனை

இந்தக் கதையை நான் நேரில் பார்க்கவில்லை. கபிலன் அண்ணா சொல்லித் தெரியும். அவருக்கு அவருடைய மனைவியின் தம்பி சேயோன் சொன்னது. மெல்பர்னில் நானும் கபிலன் அண்ணாவும் ஒரே அலுவலகம், காலையில் அவர் காரில்தான் போவேன். டாண்டினாங் சாலையில் நெரிசல் இருந்த நாட்களில் கதை வளர்ந்தது, இல்லாத நாட்களில் பாதியில் நின்றது. ஸ்கேன் எடுக்கும் குழாய்க்குள் படுத்திருந்த ஒருவன் என்ன நினைத்தான் என்பதை மூன்றாவது ஆளாக இருந்து எழுதுவது சரிதானா என்று எனக்கு இன்னும் பயம் இருக்கிறது. கபிலன் அண்ணா மறந்த இடங்களை நான் நிரப்பியிருக்கிறேன். அவர்கள் வீட்டில் பேசுவது யாழ்ப்பாணத் தமிழ், எனக்கு விருதுநகர்ப் பக்கம், அதனால் பேச்சுகளை அவரிடம் வாசித்துக்காட்டித் திருத்திக்கொண்டேன். கிளப்புகளுக்கு ஹெரன்ஸ், டிங்கோஸ் என்று பெயர் வைத்தது நான், தேட வேண்டாம். இந்த ஊர்க் கால்பந்தைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முட்டை வடிவப் பந்து, காலாலும் உதைக்கலாம், கையாலும் குத்தலாம். ஆட்டக்காலம் முடிந்ததும் கிளப்புகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும். ஆளுக்கு ஆளாகவும் மாற்றலாம், இல்லையென்றால் அடுத்த மாதம் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் ஓர் இடத்தைக் கொடுத்தும் ஆளை வாங்கலாம். ஒப்பந்தக் காலம் முடியாத வீரனை மட்டும் அவன் சம்மதம் இல்லாமல் அனுப்ப முடியாது. சேயோனுக்கு ஒப்பந்தம் முடியவில்லை.

அசையக் கூடாது என்று ஸ்கேன் எடுக்கும் ஹெலன் சொல்லியிருந்தாள். அசையாமல் இருப்பது சேயோனுக்குக் கஷ்டமில்லை. யாராவது ஒன்றைச் செய் என்று சொல்லிவிட்டால் அவன் செய்துவிடுவான், அதுதான் அவனுடைய பிரச்சினையே, இல்லாவிட்டால் இந்த மத்தியானத்தில் இந்தக் குழாய்க்குள் தலையைக் கொடுத்துக்கொண்டு, இடது தோளில் ஆமை ஓடு மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு, காதில் பெரிய ஹெட்போனோடு ஏன் படுத்திருக்கப் போகிறான். வலது கையில் ஒரு ரப்பர் குமிழ். முடியவில்லை என்றால் இதை அழுத்துங்கள், நான் வந்துவிடுவேன் என்றாள் ஹெலன். எது முடியவில்லை என்றால். மூச்சு விட முடியவில்லை என்றாலா, ஒரு முடிவுக்கு வர முடியவில்லை என்றாலா, இரண்டாவதற்கும் வருவாளா என்று கேட்டிருக்கலாம். இயந்திரம் டக் டக் டக் என்று ஆரம்பித்தது, யாரோ வெளியே நின்று கதவைத் தட்டுவது போல, ட்ரெவர்தான் தட்டுகிறானோ. இல்லை, ட்ரெவர் லாக்கருக்குள் இருக்கிறான், கைப்பேசியோடும் முருகன் பதக்கம் போட்ட சங்கிலியோடும் சேர்த்து அவனையும் பூட்டியாகிவிட்டது. அங்கே அவன் முருகனின் காதுக்குள் அடித்துக்கொண்டே இருப்பான், முருகனாவது எடுத்துப் பேசட்டும். ட்ரெவர் சேயோனின் ஏஜெண்ட், அவனுக்காகக் கிளப்புகளோடு பேசுபவன். காலையில் சொன்னான், ஸ்கேன் வெறும் சம்பிரதாயம் மேட், தோள் நன்றாக இருக்கிறது என்று உன்னைக் கேட்கும் பெர்த் கிளப்பின் டாக்டர்கள் பார்த்துவிட்டால் மீதி உன்னுடைய ஒரே ஒரு சொல்தான், ஏழரைக்கு முன்னால் சொல்லிவிடு, ஏழரைக்கு நாடு முழுக்கக் கதவை மூடிவிடுவார்கள். ஏழரை என்றதும் அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டு, "வேற நேரமே கிடைக்கேல்லையே அவங்களுக்கு" என்றார். சனி பகவானுக்கு ஆஸ்திரேலியக் கால்பந்தில் என்ன வேலை அம்மா என்று சேயோன் கேட்கவில்லை, கேட்டால் பதில் இருக்கும். மூக்கு நுனி அரித்தது. அசையக் கூடாது. மூக்கைச் சொறிந்தால் தோள் அசையும், தோள் அசைந்தால் படம் கலங்கும். அரிப்பு மூக்கிலிருந்து மேலுதட்டுக்கு இறங்கி, அங்கே சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் திரும்ப மூக்குக்கே போனது. அதற்கும் முடிவு எடுக்கத் தெரியவில்லை போல.

டேமியன் கூப்பிட்டது போன வாரம். ஹெரன்ஸில் யார் வர வேண்டும், யார் போக வேண்டும் என்று பார்ப்பவன் டேமியன். கிளப்புக்கு வரச் சொல்லாமல் காப்பிக் கடைக்கு வரச் சொன்னான், அப்போதே தெரிந்திருக்க வேண்டும், நல்ல செய்தியைக் கிளப்பிலேயே சொல்வார்கள். நீ எங்களுக்குத் தேவையான ஆள், டில், என்று ஆரம்பித்தான். தில்லையம்பலம் என்ற அப்பாவின் பெயரை வர்ணனையாளர்கள் முதல் வருடம் முழுக்க வாயில் போட்டு மென்றுவிட்டு அடுத்த வருடம் டில் என்று துப்பினார்கள், அதுவே நின்றுவிட்டது. இந்த ஊர்ப் பேச்சில் டில் என்றால் அசடு என்றும் சொல்வார்கள், யாரும் வேண்டுமென்று வைக்கவில்லை, ஆனால் யாரும் மாற்றவும் இல்லை. தேவையான ஆள்தான், ஆனால் பெர்த்காரர்கள் உன்னைக் கேட்கிறார்கள், நாங்கள் கேட்கச் சொல்லவில்லை, கேட்பவர்களைக் கேட்காதே என்று சொல்ல முடியாது இல்லையா. இதே டேமியன்தான் போன வருடம் நீண்ட ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினான். அப்போதும் பெர்த்தின் டிங்கோஸ் கேட்டார்கள், அப்போது கேட்டவர்களைக் கேட்காதே என்று சொல்ல முடிந்தது. கையெழுத்துப் போட்ட பிறகு கிளப்பின் சின்னமான நாரை வேஷம் போட்ட ஆள் வந்து கட்டிப்பிடித்தான், இறகு வாய்க்குள் போனது, பின்னால் சுவரில் இங்கே எல்லோரும் ஒரே குடும்பம் என்று எழுதியிருந்தது, படம் எடுத்தார்கள். அம்மா அந்தப் படத்தை வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார், கொக்குக் கிளப் என்று சொல்வார், நாரை என்று எத்தனை முறை சொன்னாலும் கொக்குதான். குடும்பம் என்றீர்களே என்று காப்பிக் கடையில் கேட்டே விட்டான் சேயோன், அதிலேயே பாதி உயிர் போய்விட்டது. டேமியன் அசரவில்லை. குடும்பத்தில் ஒருவர் பெர்த்துக்குப் போனால் குடும்பம் இல்லாமல் போய்விடுமா, என் சொந்த அண்ணனே பெர்த்தில்தான் இருக்கிறான் என்றான். காப்பிக்குக் காசு கொடுத்தது சேயோன்.

சத்தம் மாறியது. இப்போது தேங்காய் துருவுவது போல ஒரு கிர்ர். அன்று வீட்டுக்குப் போனபோதும் அம்மா தேங்காய்தான் துருவிக்கொண்டிருந்தார், இடியப்பத்துக்குச் சம்பல், வெள்ளிக்கிழமை கூட ஆடும் ஜோஷ் வருவான் என்று முன்கூட்டியே. "உன்னை விக்கினமோ தம்பி?" என்று கேட்டார். விக்கேல்லை அம்மா, மாத்தினம் என்றான். "ஆரோட?" ஆரோடயும் இல்லை, இருபத்தேழோட. "அது ஆர்?" அது ஆளில்லை அம்மா, இடம், அடுத்த மாசம் பள்ளிக்கூடம் முடிச்ச பெடியங்களை ஒவ்வொருத்தரா எடுப்பினம், இருபத்தேழாவதா எடுக்கிற உரிமை பெர்த்காரரிட்ட இருக்கு, அதை எங்கட கிளப்புக்குக் குடுத்து என்னை எடுப்பினம். "அப்ப அந்தப் பெடியன் ஆர்?" இன்னும் தெரியாது, ஒருத்தருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது. அம்மா துருவலை அப்படியே வைத்துவிட்டார். "பேர் தெரியாத பெடியனுக்கு உன்னைக் குடுக்கினமோ?" அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "மாத்துச் சம்மந்தம் மாதிரித்தான். ஆனா நாங்கள் பொம்பிளையைக் குடுக்கிறம், அவை இன்னும் பிறக்காத பிள்ளையைக் காட்டினம்" என்றார். அப்பாவுக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு. அவர் அம்மாவைக் கட்டிய அதே முகூர்த்தத்தில் அம்மாவின் அண்ணன் அப்பாவின் தங்கை சாரதா மாமியைக் கட்டினார், இங்கிருந்து ஒன்று அங்கே, அங்கிருந்து ஒன்று இங்கே. மாமாவும் மாமியும் இப்போது டொரண்டோவில் இருக்கிறார்கள். அங்கே மாமா மாமியோடு சண்டை பிடித்தால் இங்கே அப்பாவுக்கு அம்மா வைத்த குழம்பில் உப்பு போதாது. மாமா சமாதானமாகிவிட்டால் அதே குழம்பு நன்றாக இருக்கும். எத்தனை கடல் தாண்டியும் அந்தக் கணக்குப் பிசகியதில்லை. சின்ன வயதில் சேயோனும் அக்காவும் குழம்பை வைத்தே கனடாச் செய்தி சொல்வார்கள். அப்படியானால் நான் பெர்த்தில் சரியாக ஆடாவிட்டால் இங்கே அந்தப் பையனுக்கு உப்பு போதாமல் போகுமா, அவனைப் பிடித்துத் திட்டுவார்களா, டில் அங்கே இரண்டு கோல் விட்டான், நீ மட்டும் இங்கே ஏன் சிரிக்கிறாய் என்று.

அடுத்தது கொஞ்சம் நீளமானது, நன்றாகச் செய்கிறீர்கள் என்றது ஹெலனின் குரல். நன்றாகச் செய்கிறேன். படுத்திருப்பதை இவ்வளவு பாராட்டியவர்கள் யாருமில்லை. அந்தப் பையன் ஞாபகம் வந்ததும் கோயில் ஞாபகம் வந்துவிட்டது, வராமல் இருந்திருக்கலாம், சிரிப்பு வந்தால் தோள் குலுங்கும். வெள்ளிக்கிழமை அம்மாவைக் காரில் முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனான். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு பெயர் நட்சத்திரம் கேட்டார். சேயோன், பூசம் என்றார் அம்மா. அது முடிந்தது. இன்னொரு தட்டை நீட்டி, "இன்னொரு அர்ச்சனை ஐயா" என்றார். "பேர்?" "பேர் இன்னும் தெரியாது." ஐயர் முகம் மலர்ந்து சேயோனைப் பார்த்தார். "சந்தோசம். எத்தினை மாசம்?" "ஐயோ, அது இல்லை ஐயா, பிறந்து பதினெட்டு வருசம் இருக்கும்." பின்னால் வரிசை நீண்டது. அம்மா ஐயருக்குக் கால்பந்து மாற்றுமுறையை முழுவதும் விளக்கினார், சேயோனுக்கே அப்போதுதான் சில இடங்கள் தெளிவாயின. "இவன் போறதோ அவன் வாறதோ, எது நடந்தாலும் அந்தப் பிள்ளைக்கு எங்களால ஒரு குறை வரக்கூடாது ஐயா. ஒரு எண் மட்டும்தான் இருக்கு. இருபத்தேழு." ஐயர் கண்ணை மூடி விரலை மடித்துக்கொண்டே போனார். அசுவினியில் தொடங்கியிருக்க வேண்டும், உதடு அப்படித்தான் அசைந்தது. கடைசியில் கண்ணைத் திறந்து, "இருபத்தேழு எண்டா ரேவதி" என்றார். நட்சத்திரங்கள் இருபத்தேழு, கடைசி நட்சத்திரம் ரேவதி, அதில் என்ன தப்பு. "பேருக்குக் குழந்தை எண்டு சொல்லுவம்." அம்மாவுக்குத் திருப்தி. வரிசையில் பின்னால் நின்ற தாடிக்காரர் ஒருவர் சேயோனின் காதருகே வந்து, "தம்பி, எங்கட கொக்கை விட்டிட்டுப் போகாதையும்" என்றார். ஓம் அண்ணை என்றான். பக்கத்தில் நின்றவர், "பெர்த் நல்ல இடம் ஐசே, என்ர தமையன் அங்கதான், போம், ஒண்டுக்கும் யோசியாதையும்" என்றார். அவருக்கும் ஓம் அண்ணை என்றான். இரண்டு பேரும் சந்தோஷமாக விபூதி பூசிக்கொண்டார்கள்.

அப்படி எல்லோருக்கும் ஓம் சொல்லிச் சொல்லியே இங்கே வந்து படுத்திருக்கிறான். முடிவெட்டுபவர் கொஞ்சம் குறைக்கட்டுமா என்றால் ஓம், இன்னும் கொஞ்சம் என்றால் ஓம், படத்தில் அவன் எப்போதும் பட்டாளத்திலிருந்து விடுமுறைக்கு வந்தவன் மாதிரி இருப்பது அதனால்தான். ஒருமுறை தொலைபேசியில் ஒரு பெண் அன்பாகப் பேசினாள், இன்று அவன் கைவிடப்பட்ட கழுதைகளுக்கான காப்பகம் ஒன்றின் தூதர், வருடத்துக்கு இரண்டு முறை போய்க் கழுதையோடு நிற்க வேண்டும். சம்பந்தமில்லாத இடத்தில் ஆடு என்று பயிற்சியாளர் சொன்னபோதும் ஓம், தன்னைவிட ஒரு தலை உயரமானவனோடு முழு ஆட்டமும் குதித்துக் குதித்து ஒரு பந்தும் பிடிக்காமல் வந்தான். போன வருடம் ஒப்பந்தத்துக்கு ஓம் சொன்னதைப் பத்திரிகைகள் விசுவாசம் என்று எழுதின. விசுவாசமா அது, இல்லை என்று சொல்லத் தெரியாததா, இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும். இந்த இடத்தில்தான், தவில்காரன் தாளத்தை மறந்துவிட்டு ஒரே இடத்தில் அடித்துக்கொண்டிருப்பது போலச் சத்தம் வந்த இடத்தில்தான், அவனுக்கு அந்த யோசனை தோன்றியது. தோளைக் கொஞ்சம் அசைத்தால் என்ன. ஒரு சின்ன அசைவு. படம் கலங்கும், கலங்கிய படத்தைப் பார்த்து டாக்டர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள், திரும்ப எடுக்க நேரம் இருக்காது, ஏழரை அடித்துவிடும், கதவு மூடிவிடும். யாருக்கும் இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. தோள் சொல்லிவிடும். எவ்வளவு மரியாதையான வழி. அவன் அசைக்கப் பார்த்தான். அசையவில்லை. அசையாதே என்று ஹெலன் சொல்லியிருக்கிறாளே. சரி, இருமலாம். இருமல் வரவில்லை. தும்மலுக்கு மூக்கைத் தயார்செய்தான், இவ்வளவு நேரம் அரித்த மூக்கு இப்போது கல் மாதிரி இருந்தது.

தோளை நினைத்ததும் ஜோஷ். ஆட்டத்தில் ஜோஷ் இவனுக்குப் பின்னால் நிற்பவன். உருண்டு வரும் பந்தைக் குனிந்து எடுப்பவனுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் யார் ஓடி வருகிறான் என்று தெரியாது, பின்னால் நிற்பவன்தான் கத்த வேண்டும். டைம் என்றால் நேரம் இருக்கிறது, நிதானமாக எடு. மேன் என்றால் ஆள் வந்துவிட்டான், தட்டிவிட்டு ஓடு. இத்தனை வருடத்தில் ஜோஷின் டைம் என்ற குரலுக்குச் சேயோன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. ஒரே ஒரு முறை ஜோஷ் டைம் என்றான், நேரம் இல்லை, லாரி மாதிரி ஒருவன் வந்து சேர்ந்தான், இந்தத் தோள்தான் போனது. எப்படி அடிபட்டது என்று ஹெலன் படிவம் நிரப்பும்போது கேட்டாள். நண்பன் நேரம் இருக்கிறது என்றான் என்று சொன்னான். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, விளையாட்டு என்று எழுதிக்கொண்டாள், மெல்பர்னில் கால்பந்தே பார்க்காத ஒரே பெண் இவளாகத்தான் இருக்கும். ஜோஷ் ஆஸ்பத்திரிக்கு ஓர் அன்னாசிப்பழத்தோடு வந்து அழுதான், அன்னாசி ஏன் என்று இன்றுவரை தெரியாது. அதன் பிறகும் அடுத்த ஆட்டத்தில் அவன் டைம் என்று கத்தினான், இவன் திரும்பாமல் குனிந்தான். அதற்கு என்ன பெயர். அதற்கு யாரிடமும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை. பெர்த்தில் வேறொரு குரல் டைம் என்னும், நல்ல குரலாகவே இருக்கலாம், ஆனால் அவன் திரும்பிப் பார்ப்பான், பார்க்கும் நேரத்தில் பந்து போய்விடும். அப்படியானால் போக விருப்பமில்லை. போக விருப்பமில்லை, அவ்வளவுதான் விஷயம், இதை நினைக்க ஒரு வாரம் ஆகியிருக்கிறது. சரி, விருப்பமில்லை. ஆனால் நான் இங்கே நின்றுவிட்டால் அந்த இருபத்தேழு பெர்த்காரர்களிடமே இருக்கும், யாரோ ஒரு பையன் எனக்குப் பதில் அங்கே போவான். இந்தப் பக்கத்துப் பையனாகவும் இருக்கலாம், அவனுக்கும் ஓர் அம்மா இருப்பார், அவன் இப்போது எங்கேயோ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பான், அவனுக்குத் தெரியாமல் நான் இங்கே படுத்துக்கொண்டு அவனை விமானத்தில் ஏற்றுகிறேன். பெயரே இல்லாதவனுக்குக்கூட என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லையே. ரேவதி, மன்னித்துக்கொள்.

கடைசித் தடவை, பிறகு முடிந்தது என்றாள் ஹெலன். கடைசிச் சத்தம் மெதுவானது, ஒரே சீராக, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி மாதிரி. காலையில் அந்தப் பெட்டியில் சாய்ந்து நின்றுதான் அம்மாவைக் கேட்டான், உங்கட மாத்துச் சம்மந்தத்தில நீங்கள் என்ன சொன்னனீங்கள். அம்மா சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார், ஸ்கேனுக்கும் சாப்பாடு கட்டுபவர் அம்மா. "நான் என்னத்தைச் சொல்ல. என்னை ஆர் கேட்டது?" கேக்கேல்லையோ? "மாமிக்கு ஒரு இடம் பாக்க வெளிக்கிட்டவை. அப்பிடியே என்னையும் சேத்து முடிச்சுப்போட்டினம். சாறிக் கலர் மட்டும் கேட்டவை." கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்கள் என்றான். உள்ளே அப்பா இருமினார். "ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்" என்றார் அம்மா, கொஞ்சம் சத்தமாக, உள்ளே கேட்கும்படி. பிறகு பெட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு, சத்தத்தைக் குறைத்து, "ஆனா கேக்கேல்லை. உன்னைக் கேக்கினம்" என்றார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு கரண்டி வைத்தேனா என்று பேச்சு மாறிவிட்டது. உன்னைக் கேட்கிறார்கள். உன்னை என்றால் தோளை இல்லை. ஹெலனின் இயந்திரத்தை இல்லை, சனி பகவானை இல்லை, ஏழரை மணியை இல்லை. அம்மாவுக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது, நான் அதைத் தும்மலில் முடித்துவிடப் பார்க்கிறேன். அப்போதுதான் தும்மல் உண்மையாகவே வந்தது. மூக்கின் அடியிலிருந்து கிளம்பி, கண்ணில் நீர் கட்டி, நெஞ்சு வரைக்கும் எழும்பி நின்றது. இவ்வளவு நேரம் வேண்டிக்கொண்டிருந்த தும்மல். அதை அவன் பல்லைக் கடித்து, மூச்சை நிறுத்தி, வயிற்றுக்குள் அனுப்பினான். தோள் அசையவில்லை. குளிர்சாதனப் பெட்டி ஓய்ந்தது.

படங்கள் கண்ணாடி மாதிரி இருக்கின்றன, இவ்வளவு அசையாமல் யாரும் இருந்ததில்லை என்றாள் ஹெலன். நன்றி என்றான் சேயோன், சொல்லிவிட்டு மூக்கைச் சொறிந்தான், அது ஒரு பெரிய சுகம். லாக்கரைத் திறந்தபோது கைப்பேசி சங்கிலியைச் சுற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. எங்கே போய்த் தொலைந்தாய் மேட் என்றான் ட்ரெவர், பெர்த்காரர்கள் என் காதிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாம் தயார், தோள் நன்றாகத்தானே இருக்கிறது, யோசிக்க இனி நேரம் இல்லை, ஆமாதானே. நேரம் இருக்கிறது என்றான் சேயோன். என்ன. இல்லை என்றான். இல்லை என்றால் நேரம் இல்லை என்கிறாயா. இல்லை என்றால் இல்லை, நான் போகவில்லை. பிறகு ட்ரெவர், மேட், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா, யாராவது சொல்லச் சொல்கிறார்களா என்று கேட்டான். இல்லை. இது மூன்றாவது இல்லை, எண்ணிக்கொண்டிருந்தான், ஒவ்வொன்றும் முந்தியதைவிட லேசாக வந்தது. டேமியன் உன்னை இரண்டாம் அணியில் உட்கார வைக்கலாம் தெரியுமா. தெரியும். அவனிடம் நான் என்ன சொல்வது. கேட்டீர்கள், அவன் பதில் சொல்லிவிட்டான் என்று சொல். சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். வரவேற்பு மேசையில் இருந்த பெண், ஊழியர் சங்கத்தின் கிறிஸ்துமஸ் குலுக்கல், ஒரு சீட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்கிறீர்களா, முதல் பரிசு முழுப் பன்றித்தொடை என்றாள். சேயோன் சைவம். எடுத்துக்கொள்கிறேன் என்றான்.

ட்ரெவர் சொன்னது நடந்தது. அடுத்த வருடம் தொடக்கத்தில் சேயோன் இரண்டாம் அணியில்தான் ஆடினான், யாரோ ஒருவருக்குக் கால் பிசகிய பிறகுதான் ஜோஷுக்கு முன்னால் அவனுடைய இடத்துக்குத் திரும்பினான். டேமியன் அவனைக் கண்டபோது, நாங்கள் எப்போதும் உன்னை வைத்துக்கொள்ளத்தான் நினைத்தோம் என்றானாம். சேயோன் ஓம் என்றானாம். கழுதைகளுக்கு இன்னும் அவன்தான் தூதர். இவையெல்லாம் கபிலன் அண்ணா சொன்னவை, நான் சரிபார்க்கவில்லை. சரிபார்த்தது ஒன்றுதான், அதுவும் கபிலன் அண்ணாவின் மாமியார், சேயோனின் அம்மா, கேட்டுக்கொண்டே இருந்ததால். "அந்தப் பெடியன்ர பேர் வந்திட்டுதோ?"

வந்துவிட்டது. இருபத்தேழாவதாக டிங்கோஸ் எடுத்தது லாக்லன் பர்செல் என்ற பையனை, ஊர் ஸ்வான் ஹில், மெல்பர்னுக்கு வடக்கே, இந்த மாநிலம்தான். ஹெரன்ஸுக்கு அந்த இடம் வந்திருந்தால் அவனையே எடுத்திருப்பார்களா என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் சேயோன்தான் அவனைப் பெர்த்துக்கு அனுப்பினான் என்று நான் எழுத மாட்டேன். அங்கே அவனுக்கு யார் சமைக்கிறார்கள் என்பதை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறந்த தேதி கிளப்பின் இணையதளத்தில் இருக்கிறது. பஞ்சாங்கம் நம் ஊர் நேரத்துக்கு இருந்ததால் மெல்பர்ன் நேரத்துக்கு மாற்றி, தப்பாகிவிடுமோ என்று இன்னொரு முறையும் மாற்றிப் பார்த்தேன். அன்று விடியும் முன்பு பிறந்திருந்தால் திருவோணம், விடிந்த பிறகு என்றால் அவிட்டம். எப்படிப் பார்த்தாலும் ரேவதி இல்லை. அந்த அர்ச்சனை வேறு யாருக்கோ போயிருக்கிறது. பிறந்த நேரம் இணையதளத்தில் இல்லை. ஸ்வான் ஹில் பக்கத்துப் பத்திரிகை ஒன்று அவனுடைய அம்மாவைப் பேட்டி எடுத்திருந்தது. உள்ளூர் ஆட்டத்தின் பாதி இடைவேளையில்தான் அவன் பிறந்தான் என்றும், கோல் கம்பத்தருகே நடுவராக நின்ற அவன் அப்பா நடுவரின் வெள்ளைக் கோட்டோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார் என்றும், இரண்டாம் பாதிக்கு அவர் திரும்பிப் போகாததற்கு ஊரில் இன்னும் குறை சொல்கிறார்கள் என்றும் அந்த அம்மா சொல்லியிருந்தார். அந்த ஊரில் அப்போது ஆட்டங்கள் மத்தியானத்தில் நடந்தன, அதையும் பார்த்துவிட்டேன். பையனின் பெயரையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன். நட்சத்திரம் அவிட்டம்தான், அதை மாற்றவில்லை.